ஒறம்பரை

பிளானோவில் எந்தக் கடை வாசலில் பார்த்தாலும் அவருடைய வண்டி மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மற்ற வண்டிகளெல்லாம் கடைக் கண்ணாடியை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடுகளைப் போல வரிசையாக இருக்க, இவருடைய சாம்பல் நிற மினிவேன் மட்டும் பின்பக்கமாக நுழைந்து முகத்தை வெளியே வைத்திருக்கும். மளிகைக் கடை, கோவில், பல் டாக்டர், பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்கேயும் அப்படித்தான். மழையில் பின்னால் ஒன்றும் தெரியாத நாளிலும். பின்னால் நிற்பவர்கள் ஹாரனில் கையை வைத்து எடுக்காத நாளிலும்.

"எதுக்குண்ணா இவ்ளோ கஷ்டம்? நேரா விட்டுட்டு வர வேண்டியதுதானே."

"வர்றப்ப கஷ்டப்பட்டா போறப்ப சுளுவுங்க தம்பி. கெளம்போணும்னா பொசுக்குனு கெளம்பிரலாமுங்க."

எங்கே கிளம்ப வேண்டும், எதற்காகப் பொசுக்கென்று என்று நான் கேட்டதில்லை. அந்த வெயிலில் வாகன நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் கேள்விகள் உலர்ந்துவிடும்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பக்கத்து ஊரான ஆலனில் எங்கள் தெருவிலேயே சில வீடுகள் தள்ளி இருந்தார். வெகுநாள் ஒரே வண்டியில் லெகஸி பகுதியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய் வந்தோம். இப்போது அவர் அங்கே இல்லை. வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, பிறகு பண்டிகைக்கு ஒரு படம், பிறகு அதுவும் இல்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் வண்டியை எப்படி நிறுத்துகிறார்கள் என்று நான் கவனிப்பதில்லை. கவனிப்பதில்லை என்று எழுதும்போதே தெரிகிறது, கவனிக்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் நிவேதாவைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரே மகள். நான் அவரோடு பழகிய கடைசி வருடங்களில் அவருக்கு உண்மையில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மகள் தன்னோடு மறுபடி பேசுவாளா என்று பார்த்துக்கொண்டிருப்பது. அலுவலகம், புல் வெட்டுவது, வரி கட்டுவது எல்லாம் அதற்கு நடுவே வந்து போயின.

அதற்கு முன்னால் அந்த வீடு.

அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி கிடையாது. முதல் முறை போனபோது ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று தெரியவில்லை. காபி குடித்து முடிக்கிற நேரத்தில்தான் புரிந்தது. கல்யாணப் படம் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காலண்டர் மைக்ரோவேவ் மேல் நின்றது. சாமி படங்களெல்லாம் மளிகைச் சாமான் அலமாரியில் துவரம் பருப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தன. கராஜில் டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, நாற்காலி வந்த பெட்டி, உள்ளே தெர்மகோல் கூட உடையாமல், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்.

"ஒறம்பரைக்கு வந்த ஊட்டுல ஆணி அடிக்கலாமுங்களா தம்பி?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். "இது ஒறம்பரை ஊடாமா? பத்திரம் உங்க பேர்லதானுங்க இருக்குது!"

"பத்திரம் குடுத்தா? ஒறம்பரைக்கும்தான் தலகாணி குடுக்கறாங்க. அதுக்குன்னு தூக்கீட்டுப் போயிர முடியுமா?"

விழுப்புரத்துக்காரனான எனக்கு அந்தச் சொல் புதிது. அக்காதான் விளக்கினார். விருந்தாளிக்கும் ஒறம்பரை, சொந்தக்காரருக்கும் ஒறம்பரை. அவர்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல். "வந்தவிய யாரா இருந்தாலும் ஒறம்பரைதானுங்க தம்பி. இவரு மட்டுந்தான் கட்டுன ஊட்டுக்கே ஒறம்பரை. தாலி கட்டுன கையோட பஸ்சுக்கு நேரமாச்சான்னு கேட்டவரு. மூணு முடிச்சும் போட்டாரான்னு எனக்கு இன்னமும் சந்தேகமுங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே காபி டம்ளரைக் கழுவி, துடைத்து, அலமாரிக்குள் வைத்துவிட்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

காரணம் என்று ஒன்றை அக்கா சொன்னார். நிவேதாவுக்கு நான்கு வயது இருக்கும்போது திடீரென்று வேலை போய், விசா போய், அபார்ட்மெண்ட்டை ஒரு வாரத்தில் காலி செய்தார்களாம். குழந்தை வரைந்து சுவரெல்லாம் ஒட்டிவைத்திருந்த படங்களை உரித்தபோது பாதிப் படம் சுவரோடு நின்றுவிட்டதாம். குழந்தை அந்தப் பாதிகளையும் எடுத்துவரச் சொல்லி அழுதாளாம். பிறகு திரும்பி வந்தார்கள், கிரீன் கார்டு வந்தது, குடியுரிமையும் வந்தது. இவர் மட்டும் அந்த வாரத்திலேயே நின்றுவிட்டார் என்றார் அக்கா. அவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. சொவத்துல ஓட்டை விழுந்தா பூசறது கஷ்டம்" என்பார். எது உண்மையோ. மனிதர்களுக்குக் காரணம் தேடித் தேடி எனக்கும் அலுத்துவிட்டது. சிலர் இடதுகைக்காரர்களாக இருப்பதுபோல அவர் கிளம்புகிறவராக இருந்தார்.

எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வருவார். கேக் வெட்டுவதற்கு முன் போய்விடுவார். "அண்ணன் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், "வந்து, சாப்ட்டு, இந்நேரம் வீட்ல தூங்கியும் எழுந்திருப்பாரு" என்று பதில் வரும். கோவிலில் தீபாராதனைத் தட்டு அவர் பக்கம் வரும்போது அவருடைய செருப்பு அவர் காலில் இருக்கும். யாரும் வாசல் வரை வந்து கையசைக்க விடமாட்டார். விமான நிலையத்தில் இறக்கிவிட்டால், "நீங்க போங்க தம்பி, ட்ராபிக் ஆயிரும்" என்று நம்மை முதலில் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போவார். இதையெல்லாம் கேலி பேசினோம். அன்பாகத்தான். அந்த மாதிரி கேலிகள் ஒருநாள் நிறுத்தப்படும் என்று அப்போது தெரியாது.

அக்காவுக்கு நோய் வந்தது. மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தபிறகு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று மாலை வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நிவேதா வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு இருந்தாள். நான் ரசம் சாதம் கொண்டுபோய் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்றிருந்தேன். அவர் எழுந்தார்.

"வண்டிய வாசல்ல கொண்டாந்து போட்டர்றேன் அம்மிணி. அம்மா ஏர்றதுக்கு சுளுவா இருக்கும்."

நிவேதா அம்மாவின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, டோன்ட் கோ. நாட் நௌ."

"சித்தெ நேரம் கண்ணு."

போனார். ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுத்து, வாசலுக்கு வந்து, அங்கேயும் பின்பக்கமாக நுழைத்து, திருப்பி, முகத்தைச் சாலைக்கு வைத்து நிறுத்தியிருக்கிறார். திரும்பி மேலே வந்தபோது சாவி கையில் இருந்தது. "வண்டி ரெடி" என்று சொல்லிக்கொண்டேதான் அறைக்குள் நுழைந்தார். நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நிவேதா அழவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "யூ லெஃப்ட்."

நான் ரசம் சாதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். அந்தப் பாத்திரத்தின் சூடு கையில் இருந்தது மட்டும்தான் அன்று மாலையைப் பற்றி எனக்கு உடம்பில் மிச்சம். மற்றதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது மாதிரி இருக்கிறது.

காரியங்கள் முடிந்ததும் நிவேதா போய்விட்டாள். முதலில் குபெர்டினோவில் தோழி வீட்டுக்கு, பிறகு ஸ்பெயினுக்கு. அவளுடைய வேலையை எங்கிருந்தும் செய்யலாம். வடமேற்கு ஸ்பெயினில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிராமத்தில் கல் வீடு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அங்கே ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிளானோவில் ஓர் ஆன்ட்டி, "மெக்ஸிகன் பாஷைதானே, இங்கயே பேசலாமே" என்றார்.

அவர் தினமும் காலையில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புவார். ஆங்கில எழுத்தில், "சாப்பிட்டியா அம்மிணி". பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும். என்னிடம் காட்டுவார். "படிச்சுட்டாளுங்க."

அந்த மாலையைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். டோல்வேயில் போய்க்கொண்டிருந்தோம். "எங்கூட்டுக்காரிக்கு ஏர்றதுக்கு சுளுவா இருக்கோணும்னுதானுங்க தம்பி." அதற்குள் எங்கள் எக்ஸிட் வந்துவிட்டது. சிக்னல் போட்டு இறங்கினார். பிறகு அலுவலகம் வரை வானொலி பேசியது.

ஒரு வசந்த காலத்தில் கட்டைவிரலுக்குப் பதிலாக எழுத்தில் பதில் வந்தது. விருப்பமிருந்தால் வரலாம், கெஸ்ட் ரூம் இருக்கிறது என்று. அவர் அதைப் பலமுறை படித்திருக்க வேண்டும், என்னிடம் மனப்பாடமாகச் சொன்னார். "வரச் சொல்லியிருக்காளுங்க தம்பி. நீங்களும் வாங்க. பேச்சுக்கு ஒராளு வேணும்."

யார் பேச்சுக்கு என்று கேட்கவில்லை. எனக்கும் அப்போது ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத காலம். போனேன்.

மாட்ரிட்டில் வாடகைக் காரை எடுத்து நாள் பாதி ஓட்டினோம். சமவெளி முழுக்கப் பச்சைக் கோதுமை, பிறகு பாறை, பிறகு கடைசியாக ஓர் ஆறு. கிராமம் ஒரு வளைவுக்குப் பின்னால் சொல்லாமல் வந்தது. கறுப்புக் கல்பலகை வேய்ந்த கூரைகள். ஒரு கை நீளத்துக்குத் தடிமனான சுவர்கள். மணிக்கூண்டின் மேல் கொக்கு மாதிரி பெரிய பறவைகள் கட்டிய கூடு, பழைய விறகுக் கட்டு போல. சந்துகளில் கார் நுழையாது. ஊருக்குக் கீழே கதிரடித்த பழைய களத்தில் வண்டிகளை விட வேண்டும். அவர் விட்டார். எப்படி விட்டார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிவேதா மேலேயிருந்து இறங்கி வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு "ஹாய் அங்கிள்" என்றாள். அவரிடம், "ஃப்ளைட் ஓகேவா இருந்துச்சா?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு அம்மிணி."

அதோடு முடிந்தது.

இரண்டு நாள் அவள் எங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கட்டிலில் மடிப்புக் கலையாத துண்டு, அதன் மேல் புது சோப்பு. காலையில் அவருக்குப் பிடித்த மாதிரி ஸ்ட்ராங் காபி. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பாள். அவர் "போதும்" என்றால் மறுபடி கேட்க மாட்டாள். பெற்ற மகள் இப்படி இல்லை. பெற்ற மகள் துண்டை மூஞ்சியில் எறிவாள். அவர் அந்தத் துண்டைத் தொடாமல் தன் பையில் இருந்த துண்டையே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்துக்கறாளுங்க" என்றார் என்னிடம். "வெளியாளை எப்புடிப் பாத்துக்கோணுமோ அப்புடி."

ஊரைச் சுற்றிக் காட்ட அந்த ஊர்த் தலைவியே வந்தார். எழுபது வயதிருக்கும், ஆண்பிள்ளைச் சட்டை, கையில் முழங்கை நீளத்துக்குச் சாவி. நிவேதா மொழிபெயர்த்தாள். துணி துவைக்கும் பொதுத் தொட்டியைக் காட்டினார்கள். கல்லில் துணி தேய்த்துத் தேய்த்துக் குழி விழுந்திருந்தது, இப்போது அதில் தவளைகள். ஊருக்குப் பொதுவான ரொட்டி அடுப்பு, திருவிழாவுக்கு மட்டும் பற்றவைப்பது. பிறகு மாதா கோவில். சுண்ணாம்பைச் சுரண்டியபோது அடியிலிருந்து ஓவியம் வந்ததாம். நீல அங்கி தெரிந்தது, இரண்டு கைகள் தெரிந்தன, முகம் இருந்த இடத்தில் கல். எத்தனையோ நூற்றாண்டு என்றார் தலைவி. அண்ணன் கதவோரமாகவே நின்று பார்த்துவிட்டு, "நெம்பப் பழசுங்க" என்றார். மொழிபெயர்க்கச் சொல்லித் தலைவி நிவேதாவைப் பார்த்தார். நிவேதா ஏதோ நீளமாக, மரியாதையாகச் சொன்னாள். தலைவி மகிழ்ந்துபோனார்.

வெளியே பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர் நிவேதாவை "நியேவெஸ்" என்று கூப்பிட்டார். அண்ணன் திடுக்கிட்டார்.

"யாரக் கூப்புடறாங்க?"

என்னைத்தான் என்றாள். நிவேதா என்ற பெயர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. நியேவெஸ் என்பது அங்கே பெண்களுக்கு வைக்கிற பெயர்தான், பனி என்று அர்த்தம்.

"நிவேதாங்கறதுக்கு என்ன கேடு? பனியாமா பனி. ஈரோட்டு வெயில்ல வெச்ச பேரு."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது சிரிப்பாகிவிடும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தொப்பி போட்ட அந்தக் கிழவர் அண்ணனைச் சுட்டிக்காட்டி நிவேதாவிடம் ஏதோ கேட்டார். அவள் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். "இன்விதாதோ."

என்ன கேட்டார் என்று நான் கேட்டேன். புதிதாக யாரைப் பார்த்தாலும் இந்த ஊரில் கேட்கிற கேள்விதான், நீ யாருடைய ஆள் என்று. நிவேதா ஆங்கிலத்தில் அதை மட்டும் சொன்னாள். தான் சொன்ன பதிலைச் சொல்லவில்லை.

அவர் மெல்ல அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார். "இன்விதாதோ. இன்விடேசன் மாதிரி இருக்குதுங்க தம்பி. விருந்தாளின்னு சொல்லியிருக்கறா." கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "செரியாத்தான் சொல்லியிருக்கறா" என்றார்.

கிழவர் பின்னாலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பனுக்கும் மகளுக்கும் மூக்கு ஒரே மூக்கு.

மூன்றாம் நாள் நண்பகலில் நாங்கள் கிளம்ப வேண்டும். இரவு மாட்ரிட்டில் விமானம். அன்று காலை மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மாதிரி இல்லை, விட்டு விட்டு அவசரமாக. நிவேதா காபியை அப்படியே வைத்துவிட்டு பூட்ஸைத் தேடினாள். அசெந்தேரா என்றாள். ஊர் வேலை. மலைத் தண்ணீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் வாய்க்காலை வருடத்துக்கு ஒரு முறை தூர் வாருவார்கள். மணி அடித்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். வேலை முடிந்து மறுபடி மணி அடிக்கும்வரை இருக்க வேண்டும். நடுவில் போனால் அந்த வீடு வரவில்லை என்று ஆகிவிடும். எத்தனை தலைமுறையாகவோ இதுதான் வழக்கம். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் இருக்கிற வீடுகள் வராமல் இருக்கவே முடியாது.

அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கதவுக்குப் பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"நான் போறேன் அம்மிணி. ஊட்டுக்கு ஒராளுதானே."

கயிற்றைப் பிடித்திருந்த கை நின்றது. "யூ டோன்ட் ஹாவ் டு."

"வாய்க்கா வெட்டறதுக்குப் பாஷை வேணுமா?" என்று சொல்லிக்கொண்டே சந்தில் இறங்கிவிட்டார்.

நாங்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தோம். தேவாலயத்தின் முன் ஏழெட்டு பேர் கூடியிருந்தார்கள். தலைவி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். அண்ணன் முறை வந்தது. எந்த வீடு என்று கேட்டிருக்க வேண்டும். அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு உரக்க, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "நியேவெஸ்!" என்றார்.

யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. விருந்தாளியை வேலை வாங்குவது அங்கே வழக்கமில்லை, விருந்தாளியின் வேலை கணக்கிலும் சேராது. தலைவி நிமிர்ந்து வாசலில் நின்ற நிவேதாவைப் பார்த்தார். நிவேதா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைவி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.

"பன்னெண்டு மணிக்குள்ள போயிடுவாரு, பாருங்க அங்கிள்" என்றாள் நிவேதா. கோபமே இல்லாத குரல். வானிலை சொல்வது மாதிரி.

நான் எங்கள் பைகளைக் கட்டினேன். அவள் மடிக்கணினியைத் திறந்தாள், மூடினாள். ஜன்னல் வழியாக வாய்க்கால் தெரியும். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து, சேற்றை அள்ளி, கரையில் போட்டுக்கொண்டிருந்தார். வேகமாகவும் இல்லை, அழகாகவும் இல்லை. அலுவலகத்துக்காரர் வெட்டுகிற வெட்டு. தொப்பிக் கிழவர் அவருக்குத் தோல்பையிலிருந்து ஏதோ குடிக்கக் கொடுத்தார். அண்ணாந்து குடித்தார், சட்டையில் சிந்தியது. நிவேதா அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள்.

நேரமானது. நான் இறங்கிப் போனேன். "அண்ணா, கிளம்பலாமா? இப்ப விட்டாத்தான் சரியா இருக்கும்."

அவர் நிமிரவில்லை. "இன்னம் மணி அடிக்கலீங்களே தம்பி."

"ஃப்ளைட்ண்ணா."

"அது நாளைக்கும் பறக்குமுங்க. நீங்க வேணும்னா வண்டிய எடுத்துட்டுப் போங்க. நான் எப்படியாச்சும் வந்துக்கறேன்."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. நெற்றியில் சேறு. மூச்சு வாங்கியது. எனக்கு ஆச்சரியம் வந்திருக்க வேண்டும். வந்ததாக நினைவில்லை. தண்ணீர் இல்லாத வாய்க்காலில் அழுகிய இலைகளின் வாடை மட்டும் நினைவில் இருக்கிறது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நிவேதா பூட்ஸோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு தோளில் அவருடைய பை. அதைக் கரையில் காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தாள்.

"அப்பா. டைம் ஆச்சு."

"நாளைக்குப் போய்க்கலாம் அம்மிணி. இது முடியட்டும்."

"இல்ல." பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல, "நீங்க கெளம்புங்க" என்றாள்.

மண்வெட்டியின் பிடியில் கை வைத்தாள். அவர் கையும் அதில் இருந்தது. அவர் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த முகத்தில் நான் பார்த்ததை வருத்தம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பேருந்து நகர்ந்துவிட்டது தெரிந்தும் ஏறுபடியையே பார்த்துக்கொண்டிருப்பவனின் முகம். அவரை யாரும் வழியனுப்ப அவர் விட்டதே இல்லை. இப்போது அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துவிட்டார். கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். வாய்க்காலிலிருந்து ஏறி வரக் கை கொடுத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அப்போதுதான் தொப்பிக் கிழவர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு தலைவியிடம் ஏதோ ஆட்சேபித்தார். கோபமாக இல்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. நடுவில் ஆள் மாறினால் எப்படி என்கிறார் என்பது கையாட்டத்திலேயே புரிந்தது. மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தலைவி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிவேதாவிடம் கேட்டார். சின்னக் கேள்வி. அண்ணனைக் காட்டி, வீட்டைக் காட்டிக் கேட்டார்.

நிவேதா மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் காத்திருந்தார். எங்கேயோ மாட்டு மணி ஒன்று ஆடியது.

"தெ காஸா" என்றாள்.

தலைவி தலையசைத்தார். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி குனிந்தார். ஊர் வேலை தொடர்ந்தது.

"என்னன்னு கேட்டாங்க அம்மிணி?" என்றார் அவர்.

"காலைல வேலை செஞ்சது விருந்தாளியா, வீட்டு ஆளான்னு." அவரைப் பார்க்காமல் சொன்னாள். "விருந்தாளின்னா அது கணக்குல வராது. எங்க வீடு வரலைன்னு ஆயிடும்."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டு ஆளுன்னு சொன்னேன்." மண்வெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, "கணக்குக்கு" என்றாள்.

"செரி கண்ணு" என்றார் அவர்.

அவள் வாய்க்காலில் இறங்கினாள். அவர் வெட்டிவிட்டு நிறுத்திய இடம் அடையாளமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் சுத்தமான மண், மறு பக்கம் போன வருட இலை. காலை அகட்டி நின்று, அந்த இடத்திலிருந்தே வெட்ட ஆரம்பித்தாள்.